கொண்டைக்காரர் ஏன் சிரிக்கவில்லை?

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பவனை நம்பி யாரும் கடைக்குள் வருவதில்லை. அவனும் யாரையும் நம்பி உள்ளே விடுவதில்லை. இதைப் படிப்பவர்களில் தையல்காரர், வாட்ச் ரிப்பேர்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர் யாராவது இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்து, நாள் சொல்லி, திருப்பிக் கொடுக்கிற தொழில் எல்லாவற்றுக்கும் இதே தலையெழுத்துதான்.

எண்பதுகளில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வெற்று கேசட்டையும், பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். என்னிடமிருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து மூன்றாம் நாள் கொடுப்பேன். நல்ல கேசட்டை நான் வைத்துக்கொண்டு மட்டமானதை மாற்றித் தருவேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிற மாதிரி கேசட் மேல் ஊசியால் இனிஷியல் கீறித்தான் கொடுப்பார்கள். எனக்கோ, கடைக்குள் கைவீசி நடப்பவர் எல்லாருமே என் தட்டுகளை நோட்டம் விட வந்தவர்கள் என்று நினைப்பு. வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, கொண்டைக்காரர் வந்து சேரும்வரை.

ஆள் ஒரிஜினல்

கொண்டைக்காரர் என்றால் பெண்பிள்ளை இல்லை. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் ஆரம்பித்த காலத்திலேயே ஆடிப் பாடிப் பேர் வாங்கிய ஒரு பாடகர். நெற்றிக்கு மேல் முடியை எண்ணெய் போட்டுச் சுருட்டித் தூக்கி நிறுத்தியிருப்பார். அவர் பேர் எங்கள் வாயில் நுழையாததால் கடைத்தெரு வைத்த பேர் அது. கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும், மெட்ராஸில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர்களிடமும் அவருக்கு நல்ல கிராக்கி. "அவர் பாட்டு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர்.

ஒரு தடவை மெட்ராஸ் போனபோது ஒரு கடையில் அவருடைய 'சிறந்த பாடல்கள்' தட்டு கண்ணில் பட்டது. புகழ்பெற்ற பாட்டுகள் இருபதும் ஒரே தட்டில். அட்டையில் இருபத்தைந்து வயசுப் பையனாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல சரக்கை எனக்காக யார் விட்டு வைத்திருப்பார்கள்? டூப்ளிகேட்டாக இருக்குமோ, வேறு எவனாவது அவர் குரலில் பாடியிருப்பானோ என்று நாலு தடவை கேட்டேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஆளு ஒரிஜினல், பாட்டு ஒரிஜினல், அட்டை ஒரிஜினல். இன்னும் இன்னா வேணும்பா உனக்கு, ஜாதகமா?"

காணாமல் போன சிரிப்பு

வில்சன் சார் சுரங்கத்தில் ஃபோர்மேன். கடலூர் ஓல்டு டவுன் சொந்த ஊர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். கோயில் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டு விருந்து; அதில் கொண்டைக்காரரின் ஒரு பாட்டு கண்டிப்பாக ஒலிக்க வேண்டும் என்று சொல்லி, அதைப் பட்டியலில் முதல் பாட்டாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். கேசட்டை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே வந்து கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

"மூணாவது சரணம் வர்றதுக்கு முன்னால அவரு சிரிப்பாரு தம்பி. கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி ஒரு சிரிப்பு. அது எங்க?" என்றார். தட்டைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு இல்லை. அவருக்கு நம்பிக்கையும் இல்லை. பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் பெண் பார்க்கப் போன வீட்டில் ரேடியோவில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தச் சிரிப்பு வந்ததும் காப்பித் தட்டோடு நின்ற பெண்ணும் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டதாம். "அதப் பாத்துட்டுத்தான் தம்பி நான் சரின்னேன். ஸ்டெல்லா அதக் கேக்கணும்."

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கேசட்டில் கடைசிப் பாட்டுக்கு இடம் பத்தாவிட்டால், முன்னால் உள்ள பாட்டுகளில் நடு இசையைக் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கிவிடுவோம். இது டவுன்ஷிப் முழுக்கத் தெரியும். அதனால் நான் என்ன சத்தியம் செய்தும் எடுபடவில்லை. எனக்கும் உள்ளூரக் கோபம்தான். ஒரு கேசட்டை ஓசியில் தேற்றத்தான் இந்தச் சிரிப்புக் கதை என்று நினைத்தேன். போகும்போது வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டார்: "சிரிப்ப வெட்டி யாருக்குத் தம்பி குடுத்த?"

கரண்டு மேல் பழி

டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு பரவ பேப்பர் வேண்டாம், ஷிப்டு பஸ் போதும். காலையில் ஏறிய பேச்சு மாலையில் எல்லா பிளாக்கிலும் இறங்கிவிடும். ஏற்கெனவே கொண்டைக்காரரைப் பதிந்து வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கேசட்டோடு வர ஆரம்பித்தார்கள். கோயமுத்தூர்க்காரர் ஒருவர், அக்கவுண்ட்ஸில் இருப்பவர், பேர் பழனிசாமி. சிரிப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பாட்டு எல்லாமே மெதுவாக ஓடுகிறது என்றார். காரணமும் அவரே கண்டுபிடித்திருந்தார். மந்தாரக்குப்பத்துக் கரண்டு மட்டம். அதில் தட்டு சுற்றினால் பாட்டு இழுக்கத்தான் செய்யும். டவுன்ஷிப் கரண்டில் பதிந்தால் சரியாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து அனல் மின் நிலைய இன்ஜினியர் சுப்பையா, திருநெல்வேலிக்காரர், வேறு ஏதோ பாட்டுக்காகக் கடையில் நின்றிருந்தார். அவரையே யாரோ திட்டிவிட்ட மாதிரி முகம் சிவந்துபோனது. கரண்டு எங்கே போனாலும் ஒரே வேகம்தான், குப்பத்துக்கு ஒன்று டவுன்ஷிப்புக்கு ஒன்று என்று பிரித்து அனுப்ப அது என்ன ரேஷன் அரிசியா என்று பாடம் எடுத்தார். பழனிசாமி விடவில்லை: "இருக்கட்டுமுங்க. ஒருக்கா டவுன்ஷிப்புல போட்டுப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க." சுப்பையா தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். குனிந்து ஒரு நிமிஷம் முழுக்கச் சுற்றை எண்ணினார். முப்பத்து மூன்று சுற்றும் கொசுறும். அந்தத் தட்டுக்கு அதுதான் சரியான கணக்கு. திருப்தி வராமல் இன்னும் இரண்டு தடவை எண்ணினார். பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்: "எங்க மெஷின்ல ஒரு தப்பும் இல்ல. உங்க பாட்டுக்காரன்தான் லோடு எடுக்க மாட்டேங்கான்."

அட்டையின் பின்பக்கம்

டவுன்ஷிப்காரர்களுக்கு எதற்கும் ஒரு கமிட்டி வேண்டும். ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கமிட்டி, கேன்டீன் சாம்பாருக்குக் கமிட்டி. வெள்ளிக்கிழமை மாலை என் கடையிலும் ஒன்று கூடியது: வில்சன் சார், பழனிசாமி, சுப்பையா. நான் குற்றவாளி, அதனால் எனக்கு ஸ்டூல் கிடையாது. இரண்டு பக்கமும் இருபது பாட்டையும் போடச் சொல்லிக் கேட்டார்கள். இவ்வளவு தகராறுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நானும் கடைக்காரனாக இல்லாமல் காதுள்ளவனாக அந்தத் தட்டைக் கேட்டேன். குரல் அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் ரேடியோவில் கேட்ட பழைய பதிவுகளில் இருந்த அவசரம் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது, ஓடிவந்து தொற்றிக்கொள்கிறேன் என்கிற மாதிரி பாடியவர், இதில் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு பாடினார். எங்கேயும் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு இடித்தது.

பழனிசாமி அட்டையைக் கேட்டு வாங்கினார். திருட்டுப் போகாமலிருக்க எல்லா அட்டையின் பின்புறத்திலும் கீழ் ஓரத்தில் என் கடைப்பேரும் நம்பரும் போட்ட லேபிளை ஒட்டி வைப்பது என் வழக்கம். டெண்டர் தாள்களையே பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண் அவருக்கு. "முக்கியமான சமாச்சாரத்தை ஓரத்துலதானுங்க பொடி எழுத்துல போடுவாங்க" என்று சொல்லி, ஈரத்துணியால் லேபிளை நனைத்து மெல்ல உரித்தார். அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இந்தப் பாடல்கள் எல்லாம் அதே பாடகர் அண்மையில் மீண்டும் பாடிப் பதிவு செய்தவை.

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. மெட்ராஸ்காரர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆளும் ஒரிஜினல், பாட்டும் ஒரிஜினல். அட்டையில் இருந்த சின்ன வயசுப் படம்தான் ஏமாற்றியது. மிச்சத்தை என் கையாலேயே ஒட்டி மறைத்திருந்தேன். பழனிசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை நாளா அந்த எடத்துல உங்க கடைப் பேரைத்தானுங்க படிச்சுட்டு இருந்திருக்கோம்."

ரெடிமேட் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. பழைய பதிவு வடலூரில் இல்லை, பண்ருட்டியில் இல்லை, பாண்டிச்சேரிக்கு ஆள் விட்டும் கிடைக்கவில்லை. என் பேர் போய்க்கொண்டிருக்கிறது. அதைவிட, இந்த மனிதர் சொன்ன பெண் பார்த்த கதையைப் பொய் என்று நினைத்தேனே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் குறுக்குப் புத்திதான் கைகொடுத்தது. ஒரு காமெடி டிராமா தட்டிலிருந்து நல்ல சிரிப்பாகப் பொறுக்கி, மூன்றாவது சரணத்துக்கு முன்னால் சரியான இடத்தில் சேர்த்துப் பதிந்துவிட்டேன். கேட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வில்சன் சாரைக் கூப்பிட்டுப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். சிரிப்பு வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், ரொம்ப மெதுவாகத்தான் பேசினார்: "வேற எவனோ சிரிக்கிறதுக்கு என் பொண்டாட்டி எதுக்குத் தம்பி சிரிக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை

அந்தச் சிரிப்பை அழித்துவிட்டு, தட்டில் உள்ளது உள்ளபடி மறுபடி பதிந்து, நானே பிளேயரையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் பந்தலுக்குப் போனேன். கமிட்டி முழுசும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. பாட்டு கேட்கவா, என்னைப் பார்க்கவா என்று தெரியவில்லை. வில்சன் சார் கோட்டு போட்டு விறைப்பாக இருந்தார். ஸ்டெல்லா டீச்சரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருஷமாகக் கட்டி மேய்த்த முகம். என்னைவிடச் சந்தேகக்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. வீட்டுக்காரர் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்ததும் டீச்சர் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார். இரண்டு சரணம் போனது. சிரிப்பு வர வேண்டிய இடம் வந்தது. கிடார் மட்டும் ரெண்டு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தது. டீச்சர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். வில்சன் சார் எழுந்து, விசாரணைக்கு வந்தவர் மாதிரி வேகவேகமாகச் சொன்னார்: "டூப்ளிகேட்டு இல்ல ஸ்டெல்லா. அதே ஆளுதான். வயசான பெறவு திரும்பப் பாடினது. அதுல சிரிக்கல. எங்கெங்கயோ தேடிட்டோம்."

டீச்சர் மிச்சப் பாட்டையும் நின்று கேட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு பக்கமாக ஆரம்பித்த சிரிப்பு நிற்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே பந்தலே சிரித்தது. வில்சன் சார் மட்டும் விழித்துக்கொண்டு நின்றார். அவர் தோளைத் தட்டி டீச்சர் சொன்னார்: "பாவம், அந்தப் பாட்டுக்காரருக்கும் வூடு, புள்ளைங்க, நைட் ஷிப்டு எல்லாம் வந்திருக்கும் இல்ல? நீங்க மட்டும் என்னவாம், போன கிறிஸ்மஸ் போட்டோவுலகூட மொறைச்சிக்கினுதான நிக்கிறீங்க!"

அதற்கப்புறம் எந்தப் பாடகரின் 'சிறந்த பாடல்கள்' வாங்கப் போனாலும், எந்த வயசில் பாடியது என்று பெண் வீட்டுக்காரன் மாதிரி துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன்.