ஒழுங்கா கேட்டாதான் தோசை

எண்ணெய் இல்லாமகூட ஒரு வேளை கிச்சனை ஓட்டிடலாம், கெட்ட வார்த்தை இல்லாம ஓட்டவே முடியாதுன்னு எங்க சாப்பாட்டுக்கடைத் தொழில்ல சொல்லுவாங்க. அடுப்புச் சூட்டோட திட்டையும் சேர்த்து வாங்கின புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா! சிங்கப்பூர் ஃபேரர் பார்க் பக்கத்துல ஒரு சைவக் கடையில கல்லாவுல உக்காந்திருந்த என்னைக் கிச்சன் சூப்பர்வைசர் ஆக்கினாங்க. அங்கதான் வம்பு ஆரம்பிச்சது.

வாய்தா

நான் ஒண்ணும் பெரிய பரிசுத்தவாட்டி இல்ல. ஆனா சர்ச்சுல ஞாயித்துக்கிழமை பாடின வாயால திங்கக்கிழமை ஒருத்தரோட அம்மாவை இழுத்துத் திட்டினா, அந்தப் பாட்டு எனக்கே கசக்கும். அதனால முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன்: அசிங்கமா கேட்டா, கேட்டது கைக்கு வராது. ஒழுங்கா திரும்பக் கேக்கணும். தோசை மாஸ்டர் மாரியப்பன் விழுந்து விழுந்து சிரிச்சார். அவர் வாயில யாரோட அம்மாவாவது வராம ஒரு ஊத்தப்பம் வெளிய போனதில்ல.

முதலாளி காதுக்கு விஷயம் போச்சு. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் உன் இஷ்டம், ஸ்டெல்லா. அந்தக் கூட்டத்துல சாப்பாடு லேட்டாச்சுன்னா, பேசாம கல்லாவுக்கே திரும்பிப் போயிடு லா."

ஸ்தோத்திரம்!

மாஸ்டர் லேசுப்பட்டவரா? மறுநாள் சட்னி வாளி வரத் தாமதமானதும், நான் சர்ச்சுல சொல்ற "ஸ்தோத்திரம்!"னு ஒரு கத்து கத்தினார் பாருங்க, சட்னி அரைக்கிற அம்மா கையில இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. வார்த்தை நல்ல வார்த்தைதான். ஆனா அதே பல்கடி, அதே முறைப்பு!

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "மாஸ்டர், அதுக்குப் பழசே தேவலாம். ஆண்டவருக்குச் சொல்றதை எடுத்து அந்த அம்மா மேல வீசுறீங்களே, விஷம் விஷம்தான்"னு சொன்னேன். மனுஷன் உண்மையிலேயே யோசிச்சார். அப்புறம் பாவமாக் கேட்டார்: "அப்ப நான் எதைச் சொல்லித்தான் கத்துறது, அக்கா?"

கூப்பிட வழி இல்ல

பாத்திரம் கழுவுற அண்ணனை மாஸ்டர் ஒரே ஒரு வார்த்தையாலதான் கூப்பிடுவார். அது இங்க எழுத முடியாத வார்த்தை. அந்த அண்ணனும் அதுக்கே திரும்பிப் பாத்துப் பழகிட்டார்.

ஒரு மத்தியானம் தட்டு தீந்துபோச்சு. மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தார். ஒரு சத்தமும் வரல. வருஷக்கணக்கா பக்கத்துல நிக்கிற மனுஷன், கூப்பிட ஒரு சொல் இல்ல! தோசை ஒரு பக்கம் கருகுது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாவும் இருந்தது. கடைசியில என் பக்கம் குனிஞ்சு குசுகுசுன்னு கேட்டார்: "அக்கா, இவரு பேரு என்ன?"

அன்வர்னு சொன்னேன்.

தீபாவளிக்கு முதல் நாள்

சாயங்காலம் வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் நிக்குது. உள்ள "அன்வர், தட்டு!" "இதோ மாஸ்டர்!"னு வேலை பறக்குது. அப்பதான் முதலாளி வேர்த்து விறுவிறுத்து உள்ள ஓடி வந்தார். "எங்கடா என் மசால் தோசை?"னு ஆரம்பிச்சு, எல்லாரோட அம்மாவையும் வரிசையா இழுத்துட்டார்.

கிச்சனே நின்னுபோச்சு. முதலாளிக்கும் சட்டம் உண்டான்னு எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. போச்சு, கல்லாதான்னு நான் முடிவே பண்ணிட்டேன். மாஸ்டர் அடுப்பைக் குறைச்சார். கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "முதலாளி, நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, கெடுக்காதீங்க. ஒழுங்கா கேளுங்க"ன்னார்.

முதலாளி முகம் செவந்தது. வெளிய கூட்டத்தைப் பாத்தார், எங்களைப் பாத்தார். அப்புறம் சின்னக் குரல்ல, "மாஸ்டர், ரெண்டு மசால் தோசை வேணும், ப்ளீஸ்"னு கேட்டார். அன்னிக்கு ஒரு டேபிள்கூட லேட்டாகல! எனக்கு அங்கயே ஒரு பாட்டுப் பாடணும்போல இருந்தது. கடை மூடும்போது முதலாளி என் முகத்தைப் பாக்காமலே சொன்னார்: "கல்லாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன், ஸ்டெல்லா. நீ கிச்சனை விட்டு நகராத."

ஆக, ஒரு கெட்ட வார்த்தை பேசாம ஜெயிச்சுட்டேன், அந்த ரெண்டு நிமிஷம் முதலாளியைப் பத்தி மனசுக்குள்ள என்ன நினைச்சேன்னு மட்டும் ஆண்டவர் கேக்காம இருந்தா சரி.