கையில் மாவு ஒட்டிய மேலாளர்

பிலிப்பைன்ஸில், எங்கள் இலோயிலோ ஊர் ரொட்டிக் கடைக்கு வருகிறவர்கள் இன்னமும் லுதிவினா அக்காவிடம், "அமெரிக்காவுல இருந்தீங்களே, ஏன் திரும்பிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். "அங்க வெயில் பத்தல" என்று சொல்லிக்கொண்டே அக்கா ரொட்டியைப் பையில் போடுவார். கூட வேலை பார்க்கும் எனக்குத்தான் உண்மைக் காரணம் தெரியும்.

முதலாளி சுமகாய்சாய்க்குக் கலிஃபோர்னியாவில் கிளை திறக்க ஆசை. இங்கிருந்து மேலாளராக ஒருவரை அனுப்ப வேண்டும். விசா முதலில் ஒரு வருஷத்துக்குத்தான். கிளை தேறினால் நீட்டித்துக் கொடுப்பார்கள்.

"நீட்டிச்சதும் புருஷனையும் மகளையும் கூட்டிக்கோ" என்று சொல்லி அக்காவை அனுப்பினார் முதலாளி.

அதை நம்பித்தான் அக்காவின் கணவர் நிலோ, ஓட்டிப் பிழைத்த முச்சக்கர வண்டியை விற்றார். மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அங்கே வேலைக்கு எடுத்த இரண்டு பேரில் ஒருத்தி நின்றுவிட்டாள், இன்னொருவன் நினைத்தபோது வந்தான். அக்காவே மாவு பிசைந்தார், சுட்டார், விற்றார், கக்கூஸ் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கடை வாசலில் வரிசை நிற்குமாம். எங்கள் ஊரில் மேலாளர் என்றால் அதுதான், முதலில் வந்து கடைசியில் கூட்டிவிட்டுப் போகிறவர். முழங்கை வரை மாவோடும் கையில் துடைப்பத்தோடும் அக்கா அனுப்பிய படங்களை முதலாளி பெரிதாக்கிக் கடையில் மாட்டினார்.

விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தபோதும் அந்தப் படங்களையே வைக்கச் சொன்னார். வக்கீல் அவருடைய மச்சான்தான், மறுபேச்சு பேசவில்லை.

"இப்படி உழைக்கிற மேனேஜரை அவங்களும் பாக்கட்டும்" என்றார் முதலாளி.

பார்த்தார்கள். மேலாளர் என்பவர் வேலை வாங்குகிறவர், இந்தப் பெண் வேலை செய்கிறவர், இவருக்கு இந்த விசா கிடையாது என்று விசா அதிகாரிகள் முடித்துவிட்டார்கள்.

அக்கா பெட்டியோடு வந்து நின்ற அன்று முதலாளி கேட்டார்: "உன்னை யாரு தொடப்பத்தைத் தூக்கச் சொன்னது?"

"நான் தூக்கலேன்னா வேற யாரு சார் தூக்குவா?"

நிலோ இப்போது அடுத்தவன் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார். மகள் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லையாம்.

அடுத்து அமெரிக்கா போகப்போகிறவன் முதலாளியின் தங்கை மகன் ஜெரிக். மேலாளர் என்ற பெயரில் ரொம்ப நாளாக எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருப்பவன். இந்த முறை மணிலாவிலிருந்து வேறு வக்கீல். மாவைத் தொடவே கூடாது என்று அவனுக்குச் சொல்லிவிட்டாராம். அந்தக் கஷ்டம் அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

நேற்று விண்ணப்பத்துக்காக அவனைப் படம் எடுத்தார்கள். அக்கா மேசையைத் துடைத்தார், நாற்காலியைத் துடைத்தார், காபியும் கொண்டுவந்து வைத்தார். ஜெரிக் சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"அக்கா, அந்தத் துணியோட கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க" என்றான்.

அக்கா தள்ளி நின்றார்.