நான் ஒளித்துவைத்த குறட்டையை அம்மன் வெளியே இழுத்துப் போட்டாள்

தாய்மாரே, சகோதரிகளே, என் பெயர் செல்வராணி. மலாக்கா மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரியாக இருந்தவள். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் தடுத்தது. இன்றைக்கு அந்த வெட்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1995, பள்ளி திறந்து இரண்டாவது வாரம். மகள் கவிதாவைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம், ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. செம்பனைக் காட்டைத் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கால்வாய்த் தண்ணீரும் பிள்ளையின் அலறலும்தான். வண்டி ஓட்டிக்கொண்டே நான் தூங்கிப் போயிருந்தேன்.

கவிதாவுக்கு வலது கை முறிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. கட்டுப் போடும்போது அவள் என்னைப் பார்த்து, "ஏம்மா தூங்குன?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. செத்துப் போயிருக்கலாமே என்று அன்றைக்கு அழுதேன்.

அதற்கு முன்பே இரண்டு வருஷமாக என் உடம்பு என் உடம்பாக இல்லை. எட்டு மணிக்கே படுப்பேன். விடியும்போது ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் போல எழுந்திருப்பேன். தலை இடிக்கும், வாய் வறண்டு கிடக்கும். மரத்தில் கத்தியை வைத்தபடியே கண் சொருகிவிடும். கத்தி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டுவிடும். எங்களை மேய்க்கிற மண்டோர் எல்லார் முன்னாலும் கத்துவார்.

"என்னம்மா, மரம் வெட்ட வந்தியா, தூங்க வந்தியா? போய் வீட்ல படுலா!"

சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. இன்னும் கேவலமாகச் சொன்னவர்களும் உண்டு. மாமியார் மட்டும் என்னைத் திட்டவில்லை. இது தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காருகிற அமுக்குவான் பேயின் வேலை என்று தலையணைக்கு அடியில் இரும்புக் கத்தி வைத்தார், கையில் கயிறு கட்டினார். பாவம், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். நான் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினேன். ரத்தம் எடுத்தார்கள், சீனி வியாதி இல்லை என்றார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். இரும்புச் சத்து மாத்திரையைப் பை பையாகத் தின்றேன்.

எல்லா டாக்டரும் ஒரு கேள்வி கேட்டார்கள். தூக்கம் எப்படி?

"நல்லா தூங்குறேன் டாக்டர்."

அங்கேதான் நான் கெட்டேன். நான் குறட்டை விடுவேன். சின்ன வயதிலிருந்தே. சுவரோடு சுவராக இருக்கிற லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குறட்டை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, "யார் வீட்லயும் போய்ப் படுத்துடாதடி, பொம்பள குறட்டை விட்டா மானம் போயிரும்" என்று சொன்னார். கல்யாணம் ஆன முதல் வாரம் நானும் புருஷனிடம் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் தங்கமாட்டேன், பஸ்ஸில் கண் மூடமாட்டேன். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுவேனா? மேலும், குறட்டை விட்டுத் தூங்குகிறவர்கள்தான் ஆழ்ந்து தூங்குகிறார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் நினைப்பு. அதனால் நான் சொன்னதை நான் பொய்யாகவே நினைக்கவில்லை.

கவிதாவின் கட்டைப் பிரித்த அன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போனேன் என்று சொல்லமாட்டேன், சண்டை போடப் போனேன். "சுகம் குடுன்னு உன்னைக் கேக்கல தாயே. எனக்கு என்ன இருக்குன்னு காட்டு. தெரிஞ்சா நான் பாத்துக்குறேன். என் பிள்ளையை மட்டும் என் கையாலயே கொன்னுற வச்சிராத." அந்த வருஷத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். காப்புக் கட்டிய பெண்கள் பால்குடத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து கோயிலை விட்டு இறங்கக்கூடாது. மண்டபத்தில்தான் சாப்பாடு, மண்டபத்தில்தான் படுக்கை. நேர்த்திக்கடன் வைக்கும்போது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. இருபது பெண்கள் நடுவில் படுப்பதா? ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானத்தை நான் யோசிக்கவே இல்லை. சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தூணில் சாய்ந்தேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேதான் இருந்தேன். அவ்வளவுதான்.

யாரோ என்னைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் மண்டபமே என்னைச் சுற்றி நிற்கிறது. உலுக்கியவர் மலாக்காவில் பெரிய மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான், திருவிழாவுக்கு வந்திருந்தார். எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். "குறட்டை விட்டேன், அதுக்கு என்ன இப்ப?" என்று சீறினேன்.

"ஐயோ, குறட்டை விட்டா விட்டுட்டுப் போங்கம்மா! அது நின்னுச்சே, அதைத்தான் சொல்றேன். மூச்சே இல்ல. நான் வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அரை நிமிசம் ஒன்னும் இல்ல, அப்புறம் தண்ணியிலருந்து எந்திரிச்ச மாதிரி இழுத்திங்க. மறுபடியும் நின்னுச்சு. நாலு தடவை பாத்துட்டேன். டாக்டர்கிட்ட சொன்னிங்களா இல்லையா?"

அம்மனிடம் காட்டு காட்டு என்று கேட்டவள் நான். ஐந்து டாக்டர் கேட்டும் வாயைத் திறக்காதவளும் நான். மூலஸ்தானத்தைத் திரும்பிப் பார்த்தேன். இருபது பேர் முன்னால் என்னைத் தூங்கவைத்து, விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தது யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பூ கொண்டுவந்து கொடுக்க வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை செய்பவர், அதிகம் பேசாத மனிதர். மிஸ்ஸி அவரையும் விடவில்லை. வீட்டில் எப்படி என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நிக்கும் மிஸ்ஸி. பல வருசமா நிக்கும். நான் தோளைத் தட்டுவேன், மறுபடியும் மூச்சு வரும். எனக்கு நைட் ஷிப்டு வந்தாதான் பயம். பக்கத்துல தட்ட ஆளிருக்காதே."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீதானே இந்தப் பேச்சையே எடுக்காதன்னு கையப் புடிச்ச. எடுத்தா அழுவுற. நான் என்ன செய்ய?"

பாருங்கள். என்னை உயிரோடு வைத்திருந்தவரையே நான் ஊமையாக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் பால்குடம் எடுத்தேன். அடுத்த வாரம் வீட்டுக்காரரோடு மருத்துவமனைக்குப் போய் மிஸ்ஸி சந்தேகப்பட்டதைச் சொன்னேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது பருமனான ஆண்களுக்கு வருகிற வியாதி, நீங்கள் ஒல்லியாக இருக்கிறீர்கள் என்றார். பழைய செல்வராணியாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. "டாக்டர், நான் குறட்டை விடுவேன். மூச்சு நின்னுபோவுது. பாத்தவரு இவரு, கேளுங்க" என்று வீட்டுக்காரரை முன்னால் தள்ளினேன். அவர் மலாய் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்த டாக்டர், தொண்டை ரொம்பக் குறுகல் என்று முணுமுணுத்தார். அதற்கும் எட்டு மாதம் அலைந்தோம். மூன்று முறை தேதி மாறியது. மூன்று முறையும் நான் போய் நின்றேன்.

கடைசியில் கோலாலம்பூரில் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்று சொன்னார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு. அதுதான் பெயர். ஒரு பெயர் கிடைத்ததற்கு அப்படி யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். மூக்கில் மூடி வைத்துக் காற்று அடிக்கிற மெஷின் கொடுத்தார்கள். ஆனால் லயத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். மெஷினுக்கு விடிய விடிய கரண்ட் வேண்டும். பிறந்த தோட்டத்தை விட்டு, மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒரு மாதம் அந்த மூடி என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூக்குத் தோல் உரிந்தது. கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு நானே எடுத்து மாட்டிக்கொள்வேன். பிறகு ஒரு நாள் காலை எழுந்தேன். தலை இடிக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது. முப்பத்தாறு வயதில், தூங்கி எழுந்தால் இப்படி இருக்குமா என்று முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே அழுதேன்.

இது முழுசாகக் குணமாகிற வியாதி இல்லை. இன்றைக்கும் மெஷின் மாட்டித்தான் தூங்குகிறேன். சளி பிடித்தால் பழைய களைப்பு எட்டிப் பார்க்கும். ஆனால் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன். ஒரு நாள்கூட நின்றபடி தூங்கவில்லை. மெஷின்தானே காப்பாற்றியது, அம்மன் என்ன செய்தாள் என்று என் தம்பியே கேட்டான். "டேய், மெஷின் எல்லா காலமும் இருந்துச்சுடா. என் வாயைத் தொறக்க வச்சது யாரு?" என்று கேட்டேன்.

சகோதரிகளே, மாரியம்மனை நம்புங்கள். அவள் கேட்பாள். ஆனால் உங்கள் பங்கையும் செய்யுங்கள். உங்களில் யாரோ ஒருத்தி எதையோ மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மார்பில் கட்டியோ, நிற்காத உதிரப்போக்கோ, எதுவோ. பெண் இதைச் சொல்லலாமா என்று யோசித்து வருஷத்தைத் தள்ளாதீர்கள். சன்னிதியில் சொல்லுங்கள். அப்படியே எழுந்துபோய் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். என் பெயர் செல்வராணி. நான் குறட்டை விடுவேன்.