குறி பார்க்கும் துளை

'எல்லாப் பாகமும் உண்டு' என்றுதான் விளம்பரத்தில் எழுதியிருந்தார். பழைய துவக்கு விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதற்கு முன் போய்ப் பார்த்த இரண்டிலும் ஏதோ ஒன்று இருக்கவில்லை.

டுசல்டோர்ஃபில் ட்ராம் தரிப்புக்கு மேலே இருந்த வீடு. யாழ்ப்பாணத்து முதியவர். துவக்குச் சுடும் போட்டிகளில் பழகிய பழக்கமோ என்னவோ, என்னோடு பேசும்போதும் இடக்கண்ணை மூடியே வைத்திருந்தார். மேசையில் கிடந்த காற்றுத் துவக்கில், குறி பார்க்கும் துளையுள்ள பாகத்தைக் காணவில்லை. அது இல்லாமல் போட்டிக்குப் போக முடியாது. புதிதாக வாங்கப்போனால் துவக்கின் விலை வரும்.

"குறி பாக்கிறது எங்கை அண்ணை?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இதைத் தரேலாது தம்பி. இதுக்குள்ளாலை பாத்தால்தான் எனக்கு ட்ராம் நம்பர் தெரியுது."

"கண் டொக்டரிட்டைப் போகேல்லையோ?"

"தெர்மின் கேட்டனான். அடுத்த வருசம்தான் நாள் தந்தவை."

வாக்குவாதப்பட எனக்கு அலுப்பாக இருந்தது. துவக்கை மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எந்த ட்ராமில் போகிறேன் என்று கேட்டார். சொல்லிவிட்டு இறங்கினேன்.

ட்ராம் வந்து நின்றது. படியில் கால் வைத்தபோது மேலிருந்து குரல் கேட்டது. பல்கணியில் அந்தத் துளையைக் கண்ணோடு பிடித்தபடி அவர் கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லை தம்பி. உங்கடை அடுத்தது."

ட்ராமின் நெற்றியில் என்னுடைய நம்பர்தான் எரிந்துகொண்டிருந்தது.

காலைப் பின்னுக்கு எடுத்து, அடுத்ததற்காக நின்றேன்.