பதினொரு படங்களும் மஞ்சள் பட்ட தாள்களும்: மணமேல்குடி – புதுக்கோட்டை

போன வருடம் புதுக்கோட்டையில் நடந்த காமிக்ஸ் ரசிகர் சந்திப்பில் நான் வரைந்து கொடுத்த படங்களில் பாதி, வாங்கியவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிட்டன. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஐவரி அட்டையில் வரைந்தது என் தவறு. வழுவழுப்பான அட்டை மையைக் குடிக்காது. வேர்த்த கை பட்டால் மூக்கு கன்னத்துக்குப் போய்விடும். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நான் வரைந்து கொடுத்த படத்தைப் போட்டு, "காசு குடுத்து வாங்கின கறை" என்று எழுதினார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதால் பதில் எழுதவில்லை. இந்த வருடம் ஒரு படம் கலைந்தாலும் இனிக் கூட்டங்களில் வரைவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளம்பினேன்.

வேலை இதுதான்: ஆட்கள் தங்கள் மனதில் இருக்கும் கதாபாத்திரத்தைச் சொல்வார்கள், அரை மணி நேரத்தில் எதிரே உட்கார வைத்து வரைந்து கொடுப்பேன். ஏ4 அளவு, கறுப்பு மையும் இரண்டு நிற மார்க்கரும், 350 ரூபாய். முன்பதிவு பதினொன்று வந்திருந்தது. முதலில் பதிந்தவர் அதே கறைக்காரர். இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கிறார்.

ஒரு மாதம் தாள் தேடினேன். மணமேல்குடியில் கடற்காற்று அரிசி அப்பளத்தையே நமுக்க வைத்துவிடும், தாள் எம்மாத்திரம்? மூன்று வகைத் தாளில் கோடு போட்டு, முப்பது எண்ணி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பாண்ட் தாளில் மை பின்பக்கம் வரை இறங்கியது. நீர்வண்ணத் தாள் சொரசொரப்பில் பேனா முனையைத் தின்றது. இருநூறு ஜிஎஸ்எம் கனமுள்ள கார்ட்ரிட்ஜ் தாள்தான் மையை அளவாகக் குடித்துச் சீக்கிரம் காய்ந்தது. திருச்சியிலிருந்து முப்பது தாள் வரவழைத்து, முதல் நாள் மாலையே கோப்பில் போட்டு வைத்தேன்.

காலை 5.40க்கு மணமேல்குடியில் பேருந்து. அறந்தாங்கிக்கு 6.45, அங்கே ஒரு டீ, அடுத்த பேருந்தில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்கியபோது மணி எட்டு. மொத்தம் கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர், இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 62 ரூபாய். மழை தூறிக்கொண்டே இருந்தது. முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால் சந்திப்புக்குக் கல்யாண மண்டபம் கிடைத்திருந்தது. பந்தி மேசைகள்தான் எங்கள் கடைகள். ஒரு மேசைக்கு வாடகை 500.

கோப்பைத் திறந்தேன். முப்பது தாளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள்!

கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குத் தடவுவது போலக் கட்டோடு வைத்துத் தடவியிருந்தது. ஈரத்தில் மூலைகள் ஒட்டி, நெளிந்து கிடந்தன. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். நான் குளிக்கப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டும்மா தாளைத் தொட்ட?"

"நல்ல காரியத்துக்குப் போற தாளு ஆத்தா. வெறுந்தாளாவா கொண்டு போவ?"

"ஒரு மாச ஒழைப்பும்மா! எல்லாம் போச்சு!"

அவர் பேசுமுன் துண்டித்தேன்.

ஆட்டோ பிடித்துக் கீழராஜ வீதிக்கு ஓடினேன், போக வர 120 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்திருந்தது ஒரே ஒரு ஸ்டேஷனரி கடை. "ஸ்கூல் டிராயிங் சீட்டுதாங்க இருக்கு. வேணும்னா சார்ட்டு தாரேன்" என்றார் கடைக்காரர். வாங்கி அங்கேயே ஒரு கோடு போட்டேன். கோட்டின் இரண்டு பக்கமும் மை வேர் விட்டது. பார்க்கச் சுத்தமான தாளில் கலையும் படம், இல்லை மஞ்சள் பட்ட தாளில் நிற்கும் படம். நான் கிளம்பியது எதற்கு? மண்டபத்துக்கே திரும்பினேன்.

பத்து மணிக்கு முதல் ஆளாக உரக்கடைக்காரர் வந்தார். பதினைந்து வருடமாக மனதில் வைத்திருக்கும் வில்லனை வரையச் சொல்லியிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லித் தாளைக் காட்டினேன்.

"வில்லனுக்குப் போயி மஞ்சளாங்க?" என்று சிரித்தார். "ஓரத்தை வெட்டிருங்க. படம் சின்னதாப் போனாப் போகுது. ஆனா போன வருசம் மாதிரி ஆச்சுன்னா நான் மறுபடி எழுதத்தான் செய்வேன், கோவிச்சுக்காதீங்க."

சுற்றிலும் ஒரு அங்குலம் வெட்டி வரைந்தேன். முடிந்ததும் முப்பது எண்ணச் சொன்னேன். எண்ணினார். பிறகு கட்டை விரலை வில்லனின் கண்ணில் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். ஒரு பொட்டு மை இல்லை.

மாலை நாலரைக்குள் பதினொன்றும் முடிந்தன. அளவு குறைந்த படங்களுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தேன். மூன்று பேர் மட்டும், மஞ்சள் இருக்கட்டும், வெட்ட வேண்டாம் என்றார்கள். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வரும் திட்டமும் இருந்தது, நேரமில்லை. முடிந்தவர்கள் போய்விட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழே முக்கால். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டார்.

"ஒன்னும் கலையலையே?"

"கலையலம்மா. காலையில கத்திட்டேன், தப்புதான்."

"பத்திரிகைக் கட்டுல ஒன்ன விட்டுட்டாலும், விட்டது யாரு கைக்குப் போகும்னு தெரியாது. ஒங்கிட்ட வாங்குற யாருக்கும் கொறை வரக்கூடாதுன்னுதான் அம்புட்டுக்கும் தடவுனேன்."

எனக்கு முப்பத்தெட்டு வயது. என் பெயர் போட்ட பத்திரிகைக்கு மஞ்சள் தடவ அம்மாவுக்கு வாய்க்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றவள் நான்தான். இத்தனை வருடம் என் படங்களைக் கிறுக்கல் என்றவர், இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை நல்ல காரியம் என்றிருக்கிறார், நான் அதற்குப் போனில் கத்தியிருக்கிறேன்.

இப்படிக் கூட்டங்களில் வரையப் போகிறவர்களுக்கு: கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள், இருநூறு ஜிஎஸ்எம்முக்குக் குறைய வேண்டாம். வரையப் போகும் ஊரின் ஈரத்தில் ஒருமுறை சோதியுங்கள். கிளம்பும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள். வெட்டுக்கத்தியும் இரும்பு ஸ்கேலும் கட்டாயம் வேண்டும்.

அடுத்த சந்திப்பிலும் மேசை எடுக்கிறேன், இரண்டு நாற்காலியோடு. கேட்பவர்களுக்கு, மை காய்ந்த பிறகு, நான்கு மூலையிலும் மஞ்சள் உண்டு. தடவுவது அம்மா. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.