பழனாத்தாள் பூட்டிய வண்டி

பழனாத்தாள் கல்யாணமாகி வந்தபோது அவள் கணவன் அர்த்தநாரிக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்துக் கிணற்றில் ஒரே மூச்சில் அடிவரை முங்கி, கை நிறையச் சேறு அள்ளிக்கொண்டு மேலே வருவான். பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடைக்குப் போவான். அதை அந்த வீட்டில் யாரும் குறையாகச் சொன்னதில்லை. பதினாறு வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். ஊரில் அவன் வயதுப் பையன்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

"பாடுபடற பையன் ரண்டு கோப்பை குடிக்கறான். அதையப் போயி ஒரு பேச்சுன்னு பேசிக்கிட்டு" என்பாள் மாமியார் மருதாத்தாள்.

எழுபத்து நாலில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கடைகளை மூடிவிட்டார்கள். அதன்பிறகு கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இவர்கள் ஊரை ஒட்டி இருந்த கடைகளில் நிற்க இடமில்லை. பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளிலும் லாரியிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். மிச்சமிருப்பது சாராயம். அர்த்தநாரியும் அவன் கூட்டாளிகளும் சாராயத்துக்கு மாறினார்கள்.

இரண்டு வருஷத்தில் அவன் உடம்பு மாறியதைப் பழனாத்தாள் ஒருத்திதான் கவனித்துக்கொண்டே வந்தாள். காலையில் காப்பி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கி வேட்டியில் சிந்தும். கடைக்குப் போய் வந்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். சோறு இறங்கவில்லை. கண் மஞ்சள் பூத்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கையும் காலும் குச்சியாக இளைக்க, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

எழுபத்தாறு பங்குனியில் ஒரு நாள், கிணற்றில் இறங்கியவன் பாதிக்குக்கூட முங்க முடியாமல், படியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான். மேலே ஏறி வந்து, "இனி அதைத் தொட்டா நான் மனுசனில்லை" என்றான். சொன்னபடியே நிறுத்தினான்.

முதல் நாள் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் காலையில், மார்பின்மேல் எறும்பு ஊருகிறதென்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான். அங்கே எறும்பே இல்லை. செத்துப்போன பெரியப்பனைக் கூப்பிட்டுப் பேசினான். பிறகு மாட்டுக்கொட்டில் வாசலில் விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை வெட்டி வெட்டி இழுத்தான்.

"முனி அடிச்சிருச்சு! பூசாரியைக் கூப்பிடுங்க" என்று மருதாத்தாள் அலறினாள்.

பங்காளி ஒருவன் குறுக்கே வந்தான். "பூசாரியெல்லாம் வேண்டாம். ஒரு கிளாஸ் ஊத்துனா எந்திரிச்சு உக்காந்துக்குவான்."

பழனாத்தாளுக்கு அது பொய்யில்லை என்று தெரியும். தினமும் காலையில் பார்த்ததுதானே. ஊற்றினால் நிற்கும். ஒரு கணம் அவளுக்கே ஊற்றிவிடலாமென்று இருந்தது. ஆனால் மூன்று நாள் அவன் பட்ட பாடு வீணாகிவிடும்.

"அத்தே, முனி அடிச்சா காலையில மட்டுமா கை நடுங்கும்? கடைக்குப் போயிட்டு வந்தா நிக்குமா? இது சாராயம் பண்ற வேலை. ஆஸ்பத்திரிக்குத்தான் போவோணும்" என்றவள், யார் பதிலுக்கும் நிற்காமல் காளைகளை அவிழ்த்து வண்டியில் பூட்டினாள்.

மாமனார் சென்னிமலைக் கவுண்டர் வழிமறித்தார். "பொம்பளை வண்டி ஓட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க மாமா. நீங்க ஏறி அவரைப் புடிச்சுக்குங்க."

அவர் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார்.

கொழிஞ்சாம்பாறை வரை வண்டி. அங்கிருந்து ஜீப் பிடித்துப் பாலக்காடு ஆஸ்பத்திரி. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, இழுப்பு அடங்க இரண்டு நாளானது. டாக்டர் சிவராமகிருஷ்ணன் அங்கேயே கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இது இருபத்தாறு வயசுக்காரனோட ஈரலே இல்லையாக்கும். வீங்கிக் கல்லு மாதிரி இருக்கு. இனி ஒரு சொட்டுத் தொடாம இருந்தா கொஞ்சம் தேறும். முழுக்கப் பழையபடி ஆகாது."

"நிறுத்தினதுனாலயா சாமி இப்பிடி இழுத்துது?"

"நிறுத்தினது நல்ல காரியம்தான். பத்து வருஷமாக் குடிச்ச உடம்பு, சடக்குன்னு நிறுத்தினா பதறும். அந்த நாலஞ்சு நாள் இங்கே வந்து கிடக்கணும். அதுதான் வேண்டியது."

"இன்னொருக்கா சொல்லுங்க சாமி."

"எதுக்கு?"

"ஊருல போயிச் சொல்லோணும்."

அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிதானமாக.

ஊரில் எந்த வீட்டுப் பையன் இப்படிப் படுத்தாலும் காமாலை என்பார்கள், அல்லது சூடு என்பார்கள். பழனாத்தாள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "சாராயத்துல ஈரல் வீங்கிப் போச்சுங்க" என்றாள். நாலு மாதம் அவன் படுத்திருக்க, கடலைக்காட்டுக்கு அவளே தண்ணீர் கட்டினாள். வாய்க்கால் ஓரமாகப் போகிற வருகிற ஆட்களிடமும் அதையே சொன்னாள்.

அது அர்த்தநாரியின் காதுக்கு வந்தது. "எம்பட மானத்தை ஊரெல்லாம் ஏலம் போடறயா?"

"மானம் எங்கயும் போகலீங்க. உசுருதான் போகப் பாத்துது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த ஐப்பசியில் அடுத்த தோட்டத்து ராமாத்தாள் ஓடிவந்தாள். அவள் மகன் மாரப்பனுக்கு இருபத்து மூன்று வயது. சடுகுடு ஆட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. நாலு நாளாகக் கறுப்பு கறுப்பாக வாந்தி எடுக்கிறான். அதை மூடி மறைத்து வைத்திருந்தார்கள். பழனாத்தாள் வண்டியைப் பூட்டினாள். வழியில் வாந்தி சிவப்பாகவே வந்தது.

"அக்கா, அர்த்தநாரியண்ணனாட்ட நானும் எந்திரிச்சுக்குவனா?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "சீக்கிரம் போயிரலாம் கண்ணு" என்று காளையை விரட்டினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

எழவு வீட்டில், பந்தலுக்கு வெளியே மாரப்பனின் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள். அர்த்தநாரி அவர்கள் நடுவே போய்ச் சட்டையைக் கழற்றினான். உப்பிய வயிற்றில் நரம்பு பச்சையாக ஓடியது. "ஈரல் கெட்டா ரத்தம் இப்பிடித்தான் அடைச்சுக்கும். மாரப்பனுக்கு இந்த நரம்பு உள்ளுக்குள்ள வெடிச்சிருச்சு. டாக்டரு சொன்னாரு" என்றான். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கை காட்டினான். "எம்பட பொண்டாட்டி அன்னைக்கு வண்டி பூட்டாம இருந்திருந்தா இந்தப் பந்தல் எங்கூட்டு வாசல்ல நின்னிருக்கும்."

பழனாத்தாள் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அதற்குப் பிறகு, நிறுத்த நினைக்கிற பையன்கள் அவளிடம் வந்து சொல்லத் தொடங்கினார்கள். நிறுத்தும் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. இரண்டு வருஷத்தில் ஏழு பேரைக் கூட்டிப் போனாள். இருவர் திரும்பவும் குடித்தார்கள். அதில் ஒருவன், கந்தப்பன், வெட்கப்பட்டு மறுபடி வந்து நின்றபோது அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சாப்பிட்டயா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பினாள். அந்த முறை அவன் தேறினான். அர்த்தநாரி கடைசிவரை கனத்த வேலை செய்ய முடியாதவனாகவே இருந்தான், மாடுகளைப் பார்த்துக்கொண்டான்.

எழுபத்தொன்பது தையில், முன்பின் தெரியாத ஒருத்தி செக்போஸ்ட்டைத் தாண்டி, பழனாத்தாள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்தவள். தம்பி குடியை நிறுத்திவிட்டானாம், உடம்பு உதறுகிறதாம்.

"எப்ப நிறுத்துனான்?" என்று கேட்டாள் பழனாத்தாள், மாட்டுக்கு அறுத்த சோளத்தட்டுக் கட்டைக் கீழே போட்டபடி.

"நேத்து சாயங்காலம் பொழுதோடங்க."

"அப்ப நேரம் இருக்குது. வாங்க, போலாம்."