மாமா பாடிய கேசட்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு வேடசந்தூர் நூல் மில்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்களில் பாதி என்னுடையவை. எல்லாம் என் வாயால் சம்பாதித்தது. யார் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வேன். சின்ன வயதிலேயே அப்படித்தான். நான் வாயடைத்து நின்றது ஒரே ஒரு நாள். அதுவும் செத்த நேரந்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, அம்மாவின் அண்ணன், என் மாமா, இறந்த நாள் அது. அவர் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். செம்பட்டி, பழனிப் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் பாட்டுக்குச் சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அவருக்கு ராணியாக நடித்தது எப்போதும் ஒரே அம்மாள்தான். இரண்டு பேரும் மதுரைக்குப் போய் முழு நாடகத்தையும் கேசட்டுக்குப் பாடிக் கொடுத்தார்கள். டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீட்டிலெல்லாம் அது ஓடியது, மாமா வீட்டைத் தவிர.

அன்றைக்கு மைக் செட்காரரிடம் அத்தையே சொன்னாள்: "வேற பாட்டு வேணாம்ப்பா. அவரு பாடுனதப் போடு."

அங்கேதான் என் வாய் அடைத்தது. மூக்கில் பஞ்சு வைத்து, நாடியைத் துணியால் கட்டி, மாமா பெஞ்சில் கிடக்கிறார். வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்க்குள்ளிருந்து அதே மாமா சிரிக்கிறார், பாடுகிறார். கிட்டப் போய் உதடு அசைகிறதா என்று குனிந்து பார்த்தேன். அசையவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் தெருமுனைக் கரண்டுக் கம்பத்தடியில் ராணியாக நடித்த அந்த அம்மாள் மாலையோடு நிற்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஊரு சிரிச்சது பத்தாதுன்னு இங்கயும் வந்துட்டாளா? அவ இந்த வாசல மிதிச்சா, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

சித்தப்பாமார் போய் வழி மறித்தார்கள். பாடை கட்டி முடியப்போகிறது; மறித்தால் அவள் இனி அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

கேசட்டில் ராஜா ராணியைப் பாட்டாலேயே கேள்வி கேட்கிற இடம் வந்தது. மாமா கேட்டு முடித்தார்.

"நிப்பாட்டுப்பா," என்றாள் அத்தை.

குழாய் அடங்கியது. பதில் பாட்டு தெருவுக்கே மனப்பாடம். கம்பத்தடியிலிருந்து, மைக் இல்லாமல், பாதி அழுகையாக அந்தப் பதில் வந்தது. கடைசி வரி வரைக்கும் பாடினாள். சித்தப்பாமார் கை தானாகக் கீழே இறங்கியது.

"அவள விடுங்க. வந்து மொகத்தப் பாக்கட்டும்," என்றாள் அத்தை.

"ஒனக்கென்ன கிறுக்கா மதினி?" என்றாள் அம்மா.

"அவரு கேட்டதுக்கெல்லாம் அவதானே பதில் சொன்னா. என்கிட்ட அவரு என்னத்தக் கேட்டாரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லையே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தண்ணி கேப்பாருல்ல அத்தை? தெனமும் சாப்பிடயில கேப்பாரே," என்றேன் சத்தமாக.

அத்தை என்னையே பார்த்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கதற ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்தில் சரியான பதிலைச் சொன்னவன் நான் ஒருத்தன்தான் என்று, அவள் மடியில் கிடந்தபடி பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.